ஆஞ்சியோ முடிந்த அன்றே பார்வை போனால்: பக்கவாதமா, டையின் வேலையா?

கும்பகோணம்_கேஷுவாலிட்டி:
தஞ்சாவூரில் ஆஞ்சியோ முடித்து ஊர் திரும்பும் வழியில் கண் தெரியவில்லை, பேச்சு குழறுகிறது என்று ஒருவர் வந்து, சாதா சிடியில் மூளையின் மடிப்புகள் வெள்ளையாகத் தெரிந்தால் ரத்தக்கசிவு என்று எடுத்துக்கொள்வதா? கான்ட்ராஸ்ட் (ஆஞ்சியோவில் ரத்தக்குழாய் தெரிய ஏற்றும் டை) கசிவு என்று காத்திருக்கலாமா?

டெல்டா_ரேடியாலஜி:
காத்திருக்கக் கூடாது சிஸ்டர். முதலில் விரலில் குத்தி சுகர் பாருங்கள். வெறும் வயிற்றோடு போனவர் இன்சுலினும் போட்டிருந்தால், தாழ்ந்த சுகரே இப்படிக் காட்டும்.

அயோடின் டை தமனி வழியாகப் போகும்போது, சிலருக்கு ரத்த-மூளைத் தடுப்பு தளர்ந்து மூளைப் புறணிக்குள் கசியும். சில நிமிடங்களிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தெரியவரும். பார்வையைக் கவனிக்கும் மூளையின் பின்மடலைத் தொட்டால் பார்வை போகும். கண் பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்கும், ஆனால் ஆளுக்குக் கண் தெரியாது. ஆனால் பின்பக்க ஸ்ட்ரோக்கிலும் இதே நிலைதான். ஆஞ்சியோவின்போதே ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கலாம், கட்டி கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. அதனால் மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகே டையைச் சொல்ல வேண்டும்.

வெள்ளைப் பகுதியில் எச்.யு. (சிடியில் அடர்த்தியைக் காட்டும் எண்) அளந்து பாருங்கள். புது ரத்தம் பெரும்பாலும் 50–80. 100-ஐ நன்றாகத் தாண்டினால் அயோடினாக இருக்கலாம். குறைந்த எண் எதையும் தீர்க்காது, நீர்த்த அயோடினும் அங்கேதான் நிற்கும். டூயல் எனர்ஜி சிடி (இரு வேறு எக்ஸ்ரே ஆற்றலில் எடுப்பது) ரத்தத்தையும் அயோடினையும் பிரித்துக் காட்டும். ஸ்ட்ரோக்கா என்பதை எம்ஆர்ஐ டிஃப்யூஷன் சொல்லும். இவை இல்லாத இடமென்றால் 108-ல் ஏற்றிவிடுங்கள், தஞ்சாவூர் 40 கிலோமீட்டர்தான். டை என்றால் 24 மணி நேரம் கழித்து எடுக்கும் சிடியில் பெரும்பாலும் மங்கியிருக்கும்.

கேத்லேப்_டெக்னீஷியன்:
ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆஞ்சியோ செய்த இடத்துக்குப் போன் போடுங்கள். எந்த டை, எத்தனை மி.லி., ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, குழாய் விட்டது கையிலா தொடையிலா என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். ஹெப்பாரின் விவரம் தெரியாமல் கட்டி கரைக்கும் ஊசியை முடிவு செய்ய முடியாது. கிரியேட்டினின் கூடியவர் (சிறுநீரகம் சரியில்லாதவர்), பிபி உள்ளவர், முன்பே ஸ்ட்ரோக் வந்தவர் என்றால் டையின் மேல் சந்தேகம் கூடும். அளவு குறைவு என்பதால் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கும்பகோணம்_கேஷுவாலிட்டி:
நன்றி சார். டைதான் என்று உறுதியானால் சிகிச்சை? எம்ஆர்ஐக்குப் போடும் கடோலினியமும் இப்படிச் செய்யுமா?

டெல்டா_ரேடியாலஜி:
தனி மருந்து கிடையாது. வலிப்புக்கு வலிப்பு மருந்து, இதயம் தாங்கும் அளவுக்கு சலைன், பிபி கட்டுப்பாடு. பெரும்பாலோர் 48–72 மணி நேரத்தில் தெளிவார்கள்.

கடோலினியம் கதை வேறு. அது மூளையில் படிவதை 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017-ல் ஐரோப்பா சில லீனியர் வகைகளை (கடோலினியத்தை இறுகப் பிடிக்காத மருந்துகள்) நிறுத்தியது. படிவால் மூளை கெட்டது என்பதற்கு நிரூபணம் இல்லை. பயப்பட வேண்டியது, அது தவறித் தண்டுவட நீருக்குள் போவதற்குத்தான்: வலிப்பு, கோமா வரை போகும். அளவிலும் கவனம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 0.5 மோலார் மருந்து 12 மி.லி., இரட்டைச் செறிவுள்ள (1 மோலார்) கடோபுட்ரால் 6 மி.லி. பழக்கத்தில் 12 ஏற்றினால் இரட்டை டோஸ்.