மறுமொழி: 'ஹை விசிபிலிட்டி' வேட்டை உடைக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களே,

அமெரிக்காவில் பல மாநிலங்களில், மற்ற வேட்டைக்காரர்கள் தவறுதலாகச் சுட்டுவிடாமல் இருக்க, வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் (ஆரஞ்சு) உடை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த உடைக்கும் நிறத்துக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளில் 'எதிரொளிப்பு மேலாடை' மட்டும் வேண்டாம் என்று நினைக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஊரில் சாலைப் பணியாளர்கள் போட்டிருப்பதை 'ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்' என்றுதானே சொல்கிறோம்! ஆனால் மான் வேட்டைக்குப் போகிறவர் அந்தப் பெயரை நம்பினால் தவறான உடையை வாங்கிவிடுவார்.

எதிரொளிப் பட்டை தன்மேல் விளக்கு அடித்தால்தான் பளபளக்கும். காட்டில் எதிரே வருபவர் கையில் இருப்பது துப்பாக்கி, வண்டி விளக்கு அல்ல. நான் வசிக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுடலாம். அந்த மங்கலில் ஆளைக் காட்டுவது வேட்டை உடையில் உள்ள சாயத்தின் ஒளிர்தல் (fluorescence). புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கி, அதைச் செம்மஞ்சளாக வெளியே விடுகிறது. சாதாரண ஆரஞ்சுச் சட்டைக்கு இந்தத் திறன் இல்லை. நவம்பர் காட்டில் பழுத்த இலையோடு இலையாகப் போய்விடும்.

ஆகவே நிறத்துக்கு 'ஒளிர்செம்மஞ்சள்' என்று வைப்போம். 'ஒளிர்தல்' ஏற்கெனவே நம் பாடநூல்களில் இந்தப் பொருளில் இருக்கிறது. இந்த நிறத்தின் ஆங்கிலப் பெயரான 'பிளேஸ் ஆரஞ்சு' (blaze, கொழுந்துவிடும் தீ) என்பதைப் பார்த்து ஒருவர் தந்த 'தீச்செம்மஞ்சள்' அழகான சொல்தான், ஆனால் கேட்பவர் அதை வெறும் அடர்நிறம் என்று எடுத்துக்கொள்வார். இன்னொன்று, விஸ்கான்சின் மாநிலம் 2016இல் வேட்டை உடைக்கு இளஞ்சிவப்பையும் அனுமதித்தது. 'ஒளிர்' இருந்தால் 'ஒளிர் இளஞ்சிவப்பு' தானாகக் கிடைக்கும். 'தீ' அங்கே பொருந்தாது.

சரி, உடைக்கு? 'தெரிவுடை' என்றால் ஈழத்தவர் தேர்ந்தெடுத்த உடை என்று படிப்பார்கள். 'தெரியுடை' என்றால் உள்ளே தெரிகிற மெல்லிய துணி நினைவுக்கு வருகிறது. 'தொலைதெரி உடை' என் தேர்வு.

'உருமறைப்பு' (camouflage, காட்டோடு கலந்துபோகும் திட்டுத்திட்டான) வடிவம் போட்ட செம்மஞ்சளுக்கும் ஒரு பெயர் வேண்டும், ஏனென்றால் மாநிலங்களின் சட்டம் அங்கேதான் வேறுபடுகிறது. மிச்சிகனில் பாதிப் பரப்பாவது நிறம் இருந்தால் அது செல்லும். கொலராடோவில் செல்லாது, அங்கே இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம், திட்டு இல்லாத ஒரே நிறமாக, தலையிலும் சேர்த்து இருக்க வேண்டும். முதலாவதை 'உருமறை ஒளிர்செம்மஞ்சள்' என்றும் இரண்டாவதை 'முழு ஒளிர்செம்மஞ்சள்' என்றும் சொல்லலாம். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம், எல்லாத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும். முதுகில் பை மாட்டினால் அந்தப் பக்கம் மறைந்துவிடும், அதனால் தொப்பியை விட்டுவிடாதீர்கள். நான் வேட்டையாடுவதில்லை, ஆனாலும் அந்தப் பருவத்தில் காட்டில் நடக்கப் போனால் எனக்கும் என் நாய்க்கும் இந்த நிறம் உண்டு.

மானுக்கும் இது தெரிந்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். மானின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான், சிவப்பை உணரும் வகை இல்லை. நமக்குக் கண்ணைப் பறிப்பது அதற்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் நீலமும் புற ஊதாவும் அதற்கு நன்றாகத் தெரியும் என்பதால், துணியை நீலமாக ஒளிரவைக்கும் வெண்மையூட்டி கலந்த சலவைத்தூளில் இந்த உடையைத் துவைக்க வேண்டாம்.

'ஒளிர்செம்மஞ்சள்' சேர்த்து எழுதவா, பிரித்தா? 'செம்மஞ்சள்' தமிழ்நாட்டில் எல்லோருக்கும் உடனே புரியுமா, 'ஒளிர் ஆரஞ்சு' என்றே விடலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்