வீட்டு லேப்ல பழகுனது அனுபவக் கணக்குல வருமா?

நெல்லை_பட்டதாரி:
வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சு ஒன்பது மாசம் ஆகுது. ஜூனியர் சிஸ்டம் அட்மின் வேலைக்கு எங்க விண்ணப்பிச்சாலும் "1 முதல் 2 வருஷ அனுபவம்"னு போட்டிருக்காங்க. சென்னையில ஒரு பயிற்சி மையத்துல 45,000 ரூபாய் கட்டுனா கோர்ஸோட அனுபவச் சான்றிதழும் தர்றோம்னு சொல்றாங்க. அப்பாகிட்ட இன்னொரு தடவை பணம் கேட்க வாய் வரல. கையில இருக்கறது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். வீட்டுலயே லேப் போட்டுப் பழகுனா கம்பெனியில மதிப்பாங்களா? இல்ல சம்பளம் கம்மியா இருந்தாலும் டெஸ்க்டாப் சப்போர்ட்ல சேர்ந்துடணுமா?

சர்வர்_ரூம்:
தம்பி, அந்தப் பணத்தைக் கட்டிடாதீங்க. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், ஒரே லேப்டாப்புக்குள்ள பல கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டற மென்பொருள் அது. விண்டோஸ் சர்வரோட எவல்யூவேஷன் (சோதனை) பதிப்பை மைக்ரோசாஃப்டே 180 நாளைக்குக் கொடுக்குது. ஒரு விர்ச்சுவல் மெஷின்ல அதை ஏத்தி ஆக்டிவ் டைரக்டரி (யூசர், மெஷின் எல்லாத்தையும் ஒரே இடத்துல நிர்வகிக்கறது), டிஎன்எஸ் (பேரை முகவரியா மாத்தறது), டிஹெச்சிபி (மெஷின்களுக்குத் தானா முகவரி கொடுக்கறது) மூணையும் உங்க கையால நிறுவுங்க. இன்னொரு மெஷினை கிளையண்டா (சர்வரைப் பயன்படுத்தற மெஷினா) வச்சு டொமைன்ல (சர்வர் நிர்வகிக்கற குழுவுல) சேர்த்துடுங்க. விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைன்ல சேராது, அதோட மல்லுக்கட்ட வேண்டாம். உங்க 8 ஜிபிக்கு விண்டோஸ் 11 கிளையண்ட் ரொம்ப பாரம். கிளையண்டுக்கும் சர்வர் எவல்யூவேஷனையே போட்டு, ரெண்டுக்கும் தலா 2 ஜிபி கொடுத்தா ஓடும்.

முதல் நாளே ரெண்டு இடத்துல மாட்டுவீங்க. விர்ச்சுவல்பாக்ஸ் தானா நாட் (ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியா இன்டர்நெட்டுக்கு விடற) முறையிலதான் வைக்கும். ரெண்டு மெஷினுக்கும் 10.0.2.15னு ஒரே முகவரி வந்து, ஒண்ணை ஒண்ணு பார்க்காது. மெஷின்கள் தங்களுக்குள்ளயே பேசற இன்டர்னல் நெட்வொர்க்குக்கு மாத்தணும். அடுத்து, பழக்க தோஷத்துல கிளையண்ட்ல டிஎன்எஸ் 8.8.8.8னு (கூகுளோட பொது டிஎன்எஸ்) கொடுத்திருப்பீங்க. டொமைனைக் கண்டுபிடிக்க முடியலைன்னு திரும்பத் திரும்ப வரும். உங்க வீட்டுக்குள்ள இருக்கற டொமைன் வெளியில இருக்கற டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. கிளையண்டோட டிஎன்எஸ் உங்க சர்வரையே காட்டணும். ஒரு ராத்திரி முழுக்க முட்டி மோதி இதைக் கண்டுபிடிச்சவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். இதுவும் அனுபவம்தான்.

களத்து_ஆள்:
சர்வர்_ரூம் அண்ணன் சொல்றதுல பாதிதான் எனக்கு ஒத்து வருது. லேப்ல யூசர் கிடையாது. மிஷின் படுத்தா நாளைக்குப் பார்ப்போம்னு தூங்கப் போயிடலாம்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஃபீல்டு இன்ஜினியரா போயிட்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரை மணி, லாரி வாசல்ல நிக்குது, இன்வாய்ஸ் பிரிண்ட் ஆகல. அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம். ஸ்பூலரை (பிரிண்ட் வரிசையைக் கவனிக்கற மென்பொருள்) நிறுத்தி ஓட்டினேன், பிரிண்டர் டிரைவர் மென்பொருளை அழிச்சுத் திரும்பப் போட்டேன், ஒண்ணும் அசையல. கடைசியில பிரிண்டர்லயே கான்ஃபிகரேஷன் பக்கத்தை எடுத்துப் பார்த்தா, மத்தியானம் கரண்ட் போய் வந்ததுல டிஹெச்சிபி அதுக்கு வேற முகவரி கொடுத்திருக்கு. எல்லா கம்ப்யூட்டரும் பழைய முகவரிக்கே அனுப்பிட்டிருக்கு. பழைய முகவரியையே பிரிண்டருக்கு ரிசர்வ் பண்ணிட்டுத்தான் வெளிய வந்தேன். அந்த இருபது நிமிஷத்தை எந்த லேப் கொடுக்கும்?

சர்வர்_ரூம்:
பதற்றத்தை லேப் கொடுக்காது, ஒத்துக்கறேன். ஆனா டிஹெச்சிபி ரிசர்வேஷன்னு ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஸ்பூலர்ல தொடங்கியிருக்க மாட்டீங்க. லேப் போட்டவன் "முகவரி மாறியிருக்குமோ"ன்னு அஞ்சாவது நிமிஷத்துலயே யோசிப்பான்.

களத்து_ஆள்:
அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன் அண்ணே. அதையேதான் நானும் சொல்றேன், களம்தான் கத்துக் கொடுத்துச்சு.

ராம்_ஸ்லாட்:
ஒரு நிமிஷம். "களத்துல இறங்கு"ன்னு சொல்றது சுலபம். நான் ஃபீல்டு வேலையில சேர்ந்தப்ப மாசம் 9,000 ரூபாய், பெட்ரோல் என் காசு. ரெண்டு வருஷம் மவுஸ் மாத்தினேன், கேபிள் இழுத்தேன், சிசிடிவி மாட்டினேன். சர்வர் ரூம் சாவியைக் கண்ணால பார்த்தது கிடையாது. கடைசியில இன்டர்வியூக்குப் போனா "க்ரூப் பாலிசி தெரியுமா?"ன்னு (டொமைன்ல இருக்கற எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து விதி போடறது) கேட்டாங்க, முழிச்சேன். அனுபவம்ங்கற பேர்ல பசங்களோட வருஷத்தைத் தின்னுறாங்க. எனக்கு இது இன்னும் ஆறல. தம்பி, சேர்றதா இருந்தா முதல்ல கேளு: எனக்கு எந்த சிஸ்டத்துல அனுமதி கொடுப்பீங்க, யார் பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்ப்பேன்? பதில் வரலைன்னா வேற இடம் பாரு.

1961-ஆம் வருஷ அப்ரென்டிஸ் சட்டத்தின்படி பட்டதாரிகளுக்கு உதவித்தொகையோட பயிற்சி இருக்கு. அரசோட என்ஏடிஎஸ் (தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டம்) தளத்துல பதிவு பண்ணலாம். இலவசமா வேலை பார்க்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இன்டர்வியூ_பக்கம்:
ஆள் எடுக்கற இடத்துல இருந்து எழுதறேன். ஜூனியர் அட்மின் பதவிக்கு இந்த வருஷம் நிறைய பேரை உட்கார வச்சுப் பேசியிருக்கேன்.

முதல்ல அந்த சான்றிதழ் விஷயம். தம்பி, தயவுசெய்து அதைத் தொடாதீங்க. வேலை பார்க்காத கம்பெனியில பார்த்ததா காகிதம் வாங்கறது போலி ஆவணம். பின்னணிச் சரிபார்ப்புல பிஎஃப் கணக்கோட யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) விவரத்தைப் பார்க்கறாங்க. எந்தத் தேதியில எங்க இருந்தீங்கன்னு அதுலயே இருக்கு. சேர்ந்து மூணு மாசம் கழிச்சு வெளிய அனுப்பப்பட்ட பையன் ஒருத்தனை நானே பார்த்தேன். திறமை இருந்தது, அதுதான் மனசு கேட்கல.

லேப்பா களமான்னு நான் பார்க்கறதில்ல. "கடைசியா எது கெட்டுப் போச்சு, முதல்ல எதைப் பார்த்தீங்க, அடுத்து எதைப் பார்த்தீங்க?"ன்னு கேட்பேன். மூணு வருஷ அனுபவக்காரர் "ஃபார்மேட் பண்ணிட்டேன் மேடம்"னு சொல்லி முடிச்சுட்டார். வேலையே பார்க்காத ஒரு பொண்ணு, டிஎன்எஸ்ல தான் பண்ண தப்பைத் தேதியோட ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தது. நோட்டைத் திறந்தே காட்டுச்சு. அந்தப் பொண்ணைத்தான் எடுத்தேன்.

களத்து_ஆள்:
மேடம், உங்களை மாதிரி கேள்வி கேட்கறவங்க முன்னாடி போய் உட்கார முடிஞ்சாத்தான அது? ரெஸ்யூமேல அனுபவம்ங்கற கட்டம் காலியா இருந்தா ஹெச்ஆர்லயே நின்னு போயிடுது. எங்க ஊர்ப் பசங்களுக்கு அதுதான் நடக்குது.

இன்டர்வியூ_பக்கம்:
நியாயமான வருத்தம். எங்க இடத்துலயும் அப்படி நின்னு போகுதுன்னு தெரியும், அதுக்காகச் சண்டையும் போட்டிருக்கேன். அதனால லேப் வேலையை "ப்ராஜெக்ட்"னு தனித் தலைப்புல போட்டு, என்ன கட்டினீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. அக்கம்பக்கத்துல யாருக்காவது செஞ்சு கொடுத்திருந்தா அதையும் உள்ளது உள்ளபடி போடுங்க.

நெல்லை_பட்டதாரி (மூணு வாரம் கழிச்சு):
எல்லாருக்கும் நன்றி. பயிற்சி மையத்துக்கு வரலைன்னு சொல்லிட்டேன். 10.0.2.15ல ஒரு நாளும் டிஎன்எஸ்ல ஒன்றரை நாளும் மாட்டினேன், அண்ணன் சொன்ன அதே ரெண்டு இடம்.

களத்து_ஆள் அண்ணன் சொன்னது உறுத்திட்டே இருந்ததால நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டேன். கம்ப்யூட்டர் லேப்ல 12 மிஷின். "இன்டர்நெட் வேலை செய்யலப்பா, லைன்காரன் ரெண்டு தடவை வந்து போயிட்டான்"னு டீச்சர் சொன்னாங்க. எந்த சைட்டைத் திறந்தாலும் அந்த சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழ்ல பிழைன்னு வருது. டொமைன்ல நேரம் 5 நிமிஷத்துக்கு மேல தள்ளிப் போனா கெர்பரோஸ் (டொமைன்ல உள்ள வர்றது யாருன்னு சரிபார்க்கற முறை) ஏத்துக்காதுன்னு லேப் போடும்போது படிச்சிருந்தேன். அதனால முதல்ல கடிகாரத்தைப் பார்த்தேன். 2010 ஜனவரி 1. தேதி தப்பா இருந்தா சைட்டோட சான்றிதழ் செல்லாதுன்னுதான் பிரவுசர் நினைக்கும். சாயங்காலம் ஆனா மெயின் சுவிட்சை அணைச்சுடறாங்க, மதர்போர்டு பேட்டரி தீர்ந்து போச்சு. ஏழு மிஷினுக்கு சிஆர்2032 பேட்டரி மாத்தினேன், தேதியைச் சரி பண்ணேன், எல்லாம் திறந்துச்சு. டீச்சர் பசங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா நோட்டுல எழுதிட்டேன்.

சர்வர்_ரூம்:
பார்த்தீங்களா, லேப்ல படிச்சதுதான் கடிகாரத்தைப் பார்க்க வச்சது!

களத்து_ஆள்:
பள்ளிக்கூடத்துக்குப் போகலைன்னா அந்தக் கடிகாரமே இல்லையே அண்ணே. தம்பி, ரொம்ப சந்தோஷம். ஒண்ணு கேக்குறேன்: அந்த 12 மிஷின்ல மார்க் லிஸ்ட், அட்மிஷன் விவரம் எதுல இருக்கு? அதுக்கு பேக்கப் இருக்கா?

நெல்லை_பட்டதாரி:
ஆபீஸ் மிஷின்ல இருக்குண்ணே. பேக்கப் பத்தி நான் கேட்கவே இல்ல. திங்கட்கிழமை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கோட போறேன்.

களத்து_ஆள்:
எடுத்ததோட விட்டுடாதே. ஒரு ஃபைலை வேற மிஷின்ல திரும்ப எடுத்துத் திறந்து பார்த்துட்டு வா.