பழைய மருந்துச் சாடிகளில் ஊறுகாய் போடலாமா?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூடப்பட்ட நாட்டுமருந்துக் கடை ஒன்றிலிருந்து, உடல் வெள்ளையாகவும் கழுத்து பழுப்பாகவும் உள்ள பீங்கான் சாடிகள் சில கிடைத்தன. ஒன்றின் அடியில் கறுத்த படிவு ஒட்டியிருக்கிறது. எதை வைத்திருப்பார்கள்? ஊறுகாய் போடலாமா?

மறுமொழி 1:
லேகியமாக இருக்கலாம், ஐயா. சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடிகளைக் கருப்பட்டிப் பாகில் கிளறி, நெய்யும் தேனும் சேர்த்து இறக்கும் லேகியத்தைப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுப்பது நம் வழக்கம். உலோகத்தைப் போல அல்லாமல், பீங்கான் புளிப்போடும் உப்போடும் எளிதில் வினைபுரியாது. ஈரமும் உள்ளே ஊறாது. ஆனால் சாடி எவ்வளவு நல்லதானாலும், சூரணத்தின் (மருந்துப் பொடியின்) வீரியம் 3 மாதம்தான் என்பது சித்த மருத்துவக் கணக்கு.

மறுமொழி 2:
இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் பெருகிய அல்பரெல்லோ என்னும் மருந்துச் சாடி வேறு வகை. நெருக்கி அடுக்கிய வரிசையிலிருந்து ஒரு கையால் பற்றி எடுக்க வசதியாக அதன் இடை ஒடுங்கியிருக்கும். வாயைத் தோலாலோ துணியாலோ மூடிக் கயிற்றால் கட்டுவார்கள். உங்களுடையவை சாதாரண ஊறுகாய்ச் சாடிகளே என்று தோன்றுகிறது (விலை பேச வருபவரிடம் இதைச் சொல்ல வேண்டாம்!).

மறுமொழி 3:
ஆயினும் ஊறுகாய் போடாதீர்கள். பழைய மெருகுப் பூச்சில் ஈயம் கலந்திருந்தால், புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். சித்த மருந்துகள் சிலவற்றில் பாதரசமும் உண்டு என்பதால், அந்தப் படிவை நாவில் வைத்துப் பார்க்கவும் கூடாது.