மறுமொழி: நுரையீரலுக்குள் ஏறும் அமுக்கத்துக்கு ஒரு சொல் (நாளை பின்னேரத்துக்குள்)

வணக்கம் எல்லோருக்கும்,

இந்தச் சொல்லைக் கேட்டு நான் எழுதியதற்கு நாலு நாளாக வந்த மடல்களை நேற்றிரவு உட்கார்ந்து வாசித்து முடித்தேன். கைநூல் நாளை பின்னேரம் அச்சுக்குப் போகிறது. நாய், ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கான நூல். ஒட்டுண்ணிகளால் விலங்கின் குருதியமுக்கம் எப்படி மாறுகிறது என்ற அதிகாரத்தில் மட்டும் இன்னும் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

'இரத்த அழுத்தம்' என்றே போடுங்கள் என்ற சென்னை நண்பர்களுக்கு: இங்கே இலங்கையில் பிள்ளைகள் அமுக்கத்தைப் பிறசர் என்ற பொருளிலும், மின்னியலில் அழுத்தத்தை வேறு பொருளிலும் படித்து வளர்கிறார்கள். ஆகவே அமுக்கம்தான். குருதி பழைய சொல், யாருக்கும் புரியாது என்பதையும் ஏற்க மாட்டேன். குறுந்தொகை முதற்பாட்டிலேயே காந்தள் குருதிப்பூ, அதே சொல் இன்றைக்குக் குருதிக்கொடைச் சுவரொட்டியிலும் இருக்கிறது. மட்டக்களப்பு ஐயா அமுக்கத்தில் தொடங்கி அமுக்கிராக் கிழங்குக்கும், அங்கிருந்து நித்திரையில் நெஞ்சில் ஏறி இருக்கும் அமுக்குவான் பேய்க்கும் போன மூன்று மடல்களையும் ரசித்து வாசித்தேன். என் வேலைக்குத்தான் உதவவில்லை ஐயா, மன்னியுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில். போன சனிக்கிழமை தெகிவளையில் ஒரு மிருக வைத்தியரிடம் போயிருந்தேன். மேசையில் ஒரு வயதான நாய். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் அகலப் பட்டியைச் சுற்றிவிட்டு அவர் உடனே அளக்கவில்லை, நாய் அடங்கட்டும் என்று பத்து நிமிடம் போலப் பேசாமல் இருந்தார், பயந்த நாய் அளவைக் கூட்டிக் காட்டுமாம். முதல் அளவை விட்டுவிட்டு அடுத்தடுத்து எடுத்தார். மேல் அளவு 140க்குக் கீழே என்றால் நல்லது, 160ஐத் தாண்டினால் உயர்வு. இதயப்புழு இருந்தால் இதில் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அதுதான் விஷயம். நுளம்பு கடித்து நாய்க்குள் போகும் அந்தப் புழு வளர்ந்து நுரையீரல் நாடிக்குள், அதாவது இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் குருதி போகும் குழாய்க்குள், குடியிருக்கிறது, பெண்புழு 30 சென்ரிமீற்றர் வரை நீளும். நாடியின் உட்சுவர் தடித்து வழி ஒடுங்க, இதயத்தின் வலப்பக்கம் அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளியே பெருத்துப் போகிறது. வாலில் கட்டிய பட்டி அளப்பது உடம்பெல்லாம் ஓடும் குருதியை, அங்கே அளவு சரியாகவே இருக்கலாம். லெய்ஷ்மானியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி வேறு மாதிரி. அது சிறுநீரகத்தைக் கெடுத்தால் உடம்பு முழுவதும் பிறசர் ஏறும், பட்டியிலும் தெரியும். இரண்டுக்கும் 'உயர் குருதியமுக்கம்' என்று ஒரே சொல்லைப் போட்டால், வாசிக்கிறவர் வாலில் அளந்து பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அமுக்கம் எங்கே ஏறுகிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வந்தவற்றில் 'நுரையமுக்கம்' சின்னதாக அழகாக இருக்கிறது, ஆனால் சவர்க்கார நுரைதான் ஞாபகம் வருகிறது. 'நாடி மிகையமுக்கம்' எனக்குப் பிடித்திருந்தது, "மிகினும் குறையினும் நோய்செய்யும்" என்று வள்ளுவரே வழிகாட்டியிருக்கிறார். ஆனால் நாடி என்றால் எங்கள் வீட்டில் மோவாய். இதே அதிகாரத்தில் ஆட்டின் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் புழு வருகிறது. ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லிலீற்றர், ஆயிரம் புழு என்றால் 50 மில்லிலீற்றர். இரத்தத்தோடு புரதமும் போவதால் ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோர்த்து வீங்கும். அதை ஒருவர் 'நாடி வீக்கம்' என்று வரைவில் திருத்தியிருந்தார்! ஆடு வளர்ப்பவருக்கு அது சரியாகவே புரியும், உயிரியல் படித்த அவருடைய மகளுக்கு வேறொன்று புரியும். தாடை வீக்கம் என்று மாற்றிவிட்டேன். நாடிக்குப் பதிலாகத் தமனி என்று போட்டால் இந்தக் குழப்பம் இல்லை என்ற சென்னைக் கட்சி இந்த ஒரு இடத்தில் சரி, ஆனால் இங்கே அது பள்ளிக்கூடச் சொல் இல்லை.

அப்புறம் குறைவு. மாட்டில் உண்ணி காவும் பபேசியா போவிஸ் என்ற நுண்ணுயிரின் தொற்று கடுமையானால் குருதிக்குழாய்கள் விரிந்து அமுக்கம் விழுந்துவிடும். உயர்வுக்கு எதிர்ச்சொல்லாகத் 'தாழமுக்கம்' என்று எழுதினேன், என் தங்கை வாசித்துவிட்டு மாட்டுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் என்ன சம்பந்தம் அக்கா என்றாள். வானிலைச் செய்தி அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. எனவே 'குருதியமுக்கம் விழுதல்'. ஒட்டுண்ணி என்றதும் உண்ணியை மட்டும் நினைக்கிறவர்கள் இருப்பதால் புழு, உண்ணி, உண்ணி காவும் நுண்ணுயிர் என்று பிரித்தே எழுதியிருக்கிறேன். விருந்துவழங்கியா ஓம்புயிரா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, 'புழு குடியிருக்கும் விலங்கு' என்று போட்டாயிற்று.

மறுப்பு இல்லையென்றால் 'நுரையீரல் நாடி உயரமுக்கம்', முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'நுரையீரல் பிறசர்'.

*

மறுமொழி (வவுனியாவில் இருந்து):

தங்கச்சி, வேலை முடியட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். உயரமுக்கம் என்று சேர்த்தால் உயரம் என்ற சொல் கண்ணில் படுகிறது, கட்டாயம் 'உயர் அமுக்கம்' என்று பிரித்து அச்சிடுங்கள். 'பிறசர்' முன்னுக்கு வரவேண்டும், கலைச்சொல் பின்னால் வரட்டும். 22 வருடம் ஆடு வளர்க்கிறேன், ஒருவரும் என்னிடம் அமுக்கம் என்று சொன்னதில்லை.

*

மறுமொழி:

பிரித்துவிட்டேன் அண்ணா. வரிசையை மாற்றவில்லை.