முன்கதவு: தேக்கா, ஸ்டீலா?

நடைவாசல்:
வீட்டு முன்கதவை மாற்ற வேண்டும். இப்போது இருப்பது பழைய பிளைவுட் கதவு. மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்கிறோம். அடிப்பக்கம் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. மனைவிக்குத் தேக்கு வேண்டுமாம். மேஸ்திரி, "ஸ்டீல் போடுங்க, தலைவலி விட்டது" என்கிறார். வாசல் மேற்குப் பார்த்தது, மேலே சன்ஷேடு ஓரடிதான். நிலை நன்றாக இருக்கிறது, அதை மாற்றுவதாக இல்லை. எதைப் போடலாம்?

இழைப்புளி:
தேக்குதான், இரண்டாம் பேச்சு வேண்டாம். உங்களுடைய பழைய கதவு உப்பியதற்கு மரம் காரணமில்லை. தண்ணீர் தாங்காத பசை போட்ட மலிவு பிளைவுட்தான் காரணம்.

மரம் உப்பும் என்று பயப்படுகிறவர்கள் சட்டம் கட்டிய கதவின் கணக்கைப் பார்த்ததே இல்லை. நார் ஓடும் வாக்கில் மரம் நீளாது என்றே வைத்துக்கொள்ளலாம், உப்புவதெல்லாம் குறுக்கு வாக்கில்தான். குறுக்குச் சட்டங்களில் நார் கிடையாக ஓடுவதால் அவை கதவின் அகலத்தைக் கூட்டாது. கூட்டுவது பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் இரண்டு நெட்டுச் சட்டங்கள் மட்டும். ஒவ்வொன்றும் 12 செ.மீ. என்றால், 90 செ.மீ. கதவில் அசைவது 24 செ.மீ.தான். மரத்தின் ஈரம் 5 சதவீதம் ஏறினாலும் தேக்கில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கூடும், அவ்வளவே. நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் பசையில்லாமல் செருகியிருப்பார்கள், அது உப்பினால் காடிக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டால் எந்த மழைக்கும் பிடிக்காது.

துருவேறா:
கணக்கு அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் அது வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த தேக்குக்கான கணக்கு. தேக்கு என்று பெயர் சொல்லி விற்பதில் எத்தனை வைரம், எத்தனை வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய மெது மரம்? பாலிஷ் போட்ட பிறகு யாருக்குத் தெரியும்?

அப்புறம் வெயில். மேற்கு வாசல், ஓரடி சன்ஷேடு. வார்னிஷ் ஒன்றிரண்டு வருடத்தில் செதில் செதிலாக உரியும். வருடாவருடம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க நடைவாசலுக்கு நேரம் இருக்கிறதா? ஸ்டீல் கதவு என்றால் இரண்டு துத்தநாகம் பூசிய தகடு, நடுவில் பாலியூரித்தேன் நுரை. உப்பாது, வளையாது, கறையான் வராது. ஒன்றரை அங்குல நுரைக் கதவு, அதே அளவு கட்டை மரக் கதவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது.

இழைப்புளி:
அந்தத் தகடு எத்தனை கேஜ் என்று சொல்லவில்லையே? பல ஸ்டீல் கதவுகள் 24 கேஜ், அதாவது சுமார் 0.6 மி.மீ. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். எண் பெரிதாக இருந்தால் உறுதி அதிகம் என்று நினைத்து வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். என் தம்பி வீட்டு ஸ்டீல் கதவில் மாதம் முடிவதற்குள் சைக்கிள் ஹேண்டில் இடித்து ஒரு குழி. பெயின்ட் பெயர்ந்த இடத்தில் இப்போது பொட்டு மாதிரி துரு. மரத்தில் குழி விழுந்தால் இழைத்துச் சரி செய்வேன். தகட்டை என்ன செய்வீர்கள்?

துருவேறா:
20 கேஜ் வாங்குவேன். சுமார் 0.9 மி.மீ. சைக்கிளை உள்ளே ஏற்றும்போது கொஞ்சம் பார்த்தும் ஏற்றுவேன்.

பஞ்சுமேகம்:
நடுவில் நுழைகிறேன். கண்ணாடியிழைக் கதவு பற்றி யாரும் பேசவில்லையே? துருவும் இல்லை, உப்பலும் இல்லை, மரக்கோடுகள் அச்சு அசலாக இருக்கும்.

இழைப்புளி:
மர வேடம் போட்ட பிளாஸ்டிக். அடுத்து?

கீல்கணக்கு:
பூட்டு, கீல் பொருத்துவதுதான் என் தொழில். இரண்டு பேரும் கதவுப் பலகைக்கு மல்லுக்கட்டுகிறீர்கள். உதைத்துத் திறந்த வாசல்கள் என்று எனக்குச் சரிசெய்ய வந்தவற்றில் பெரும்பாலும் கதவு முழுசாகவே இருக்கும். பிளந்து கிடப்பது நிலை, அதுவும் பூட்டின் நாக்கு போய் விழும் தகடு இருக்கும் இடத்தில். அந்தத் தகட்டைக் கழற்றினால் அரை அங்குல ஸ்க்ரூ இரண்டு இருக்கும். நிலையின் தோலைத்தான் அது பிடித்திருக்கும். மூன்று அங்குல ஸ்க்ரூ நிலையைத் துளைத்துப் பின்னால் இருக்கும் கட்டையைப் பிடிக்க வேண்டும், பின்னால் செங்கல் என்றால் ஆங்கர் போட வேண்டும். கீலிலும் அப்படியே. பூட்டின் நாக்கு ஓர் அங்குலமாவது வெளியே நீள வேண்டும். இதெல்லாம் இல்லாமல் தேக்கு போட்டாலும் ஸ்டீல் போட்டாலும் ஒரே உதைதான்.

வெப்பமும் அப்படித்தான். சுற்றிலும் 3 மி.மீ. விடச் சொன்னார் இழைப்புளி. 90க்கு 210 கதவுக்குச் சுற்றளவு 6 மீட்டர். பெருக்கினால் 180 சதுர செ.மீ. கதவில் 13 செ.மீ. சதுரமாக ஓட்டை வெட்டியதற்குச் சமம். ரப்பர் சீலும் அடியில் சரியான படியும் இல்லையென்றால் ஐந்து மடங்கு நுரை என்ன செய்யும்?

நடைவாசல், நிலை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

நடைவாசல்:
பார்க்க நன்றாக இருக்கிறது, போன வருடம்தான் பெயின்ட் அடித்தோம். இன்னொரு கேள்வி: கதவை ஒட்டி ஒரு நீளக் கண்ணாடி வைக்க மனைவி கேட்கிறார். டெம்பர்டு கண்ணாடி போட்டால் பாதுகாப்புதானே?

துருவேறா:
போடலாம். கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தால், உள்பக்கமும் சாவி போடும் பூட்டு வாங்கிவிடுங்கள்.

கீல்கணக்கு:
தயவுசெய்து வேண்டாம். இரவில் தீப்பிடித்தால் புகைக்குள் அந்தச் சாவியைத் தேடப்போவது யார்? உள்ளிருந்து வெளியேற சாவியே தேவைப்படக் கூடாது. டெம்பர்டு, உடைந்தால் கையைக் கிழிக்காமல் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பாதுகாப்பு உங்களுக்குத்தான். ஆனால் உதிர்ந்ததும் வழி திறந்துவிடும், திருடனுக்கும் அதுதான் வசதி. லேமினேட்டட் கேளுங்கள். விரிசல் விட்டாலும் நடுவில் இருக்கும் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் கண்ணாடியைப் பூட்டுப் பக்கம் வைக்காமல் கீல் பக்கம் வையுங்கள்.

துருவேறா:
தீ விஷயம் சரி, யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஸ்டீல் விஷயத்தில் மாற்றமில்லை.

பஞ்சுமேகம்:
வீட்டில் வயதானவர்கள் உண்டா? சக்கர நாற்காலி தாராளமாக நுழைய, கதவைத் திறந்த பிறகு தடையில்லாத இடம் 81 செ.மீ.யாவது வேண்டும். கதவின் தடிமனும் நிலையின் விளிம்பும் சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும், அதனால் கதவின் அகலத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அடிப்படியும் 13 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது.

நடைவாசல்:
மாமியார் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன், 76 செ.மீ. இருக்கிறது.

கையோடு கீல்கணக்கு சொன்ன தகட்டையும் கழற்றினேன். ஸ்க்ரூ இரண்டு, என் சுண்டுவிரல் நகத்தளவு. ஒன்று திருகாமலேயே விரலோடு வந்துவிட்டது. சந்தேகமாகி நிலையின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். பெயின்ட் பட்டென்று உடைந்து, இரண்டு விரற்கடை ஆழத்துக்கு வெண்ணெய் மாதிரி இறங்கியது. உள்ளே ஈர மண் போலக் கறுப்பாக வருகிறது. எதிர்ப்பக்கக் காலும் அப்படியே.

கீல்கணக்கு:
கதவை விடுங்கள், நிலையை எடுத்துவிடுங்கள். திறப்பையும் அகலப்படுத்தியாக வேண்டும். தரையோடு ஒட்டும் முனை வழியாகத்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது, நாரின் வெட்டுவாய் அங்கேதான் இருக்கிறது. புது நிலை எதுவானாலும் அந்த முனையை அடைக்காமல் நிறுத்த விடாதீர்கள்.

இழைப்புளி:
நிலையும் மாறுகிறது என்றால் இன்னும் நல்லது. நிலைக்கும் தேக்கே போட்டுவிடுங்கள்.

துருவேறா:
ஆரம்பித்துவிட்டார். மரம் உளுத்துப்போனதைப் பார்த்த பிறகும் மரமா!

இழைப்புளி:
உளுத்தது தேக்கா என்று கேளுங்கள் முதலில்.

நடைவாசல்:
அது என்ன மரம் என்று எனக்கே தெரியாது ஐயா. மேஸ்திரியை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குக் கதவு பூட்ட மாட்டேன் என்கிறது, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.