புதுப்பிப்பு: மண் படாத டுரியான் நாற்றுகள்

பினாங்கின் பாலிக் புலாவில் ஒட்டுக்கட்டுவதற்கான டுரியான் நாற்றுகளை மண்ணே இல்லாமல் பைகளில் வளர்க்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? நன்றாக வந்திருக்கின்றன.

மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய் நார்த்தூளை உப்புப் போகக் கழுவி, பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த இலேசான வெள்ளை மணிகள்) கலந்தேன். அதைவிட முக்கியம், பைகளைத் தரையில் வைக்காததுதான். வேர் அழுகலும் தண்டுப்புண்ணும் தரும் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் வித்துகள் நீரில் நீந்தும். பினாங்கு மழையில் தெறிக்கும் சேறே அவற்றைப் பைக்குக் கொண்டுவரப் போதும். அதனால் இடுப்பு உயரக் கம்பிவலை மேசை, மேலே பிளாஸ்டிக் கூரை. அடித்துளையில் எட்டிப் பார்க்கும் வேர்முனை காற்றுப்பட்டுக் காய்ந்துவிட, உள்ளே பக்கவேர்கள் வெள்ளைவெளேர் என்று நெருக்கமாகக் கிளைத்திருக்கின்றன.

உரம் பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: நார்த்தூளில் சத்து மிகக் குறைவு. அதனால் உரத்தை நீர்க்கக் கரைத்து, அடிக்கடி ஊற்றுங்கள். தண்ணீர்க் குழாயின் வாயை மட்டும் தயவுசெய்து தரையில் போடாதீர்கள். நோய் அதில் ஒட்டிக்கொண்டு மேசைக்கே ஏறிவிடும்.