ஒடியற்கூழைக் குடல் பற்றீரியாவுக்குக் கொடுத்துப் பார்க்க எது போதும்?

கிளிநொச்சி மாணவி:
வணக்கம். விவசாயம் படிக்கிறேன், இறுதியாண்டு. காய்ந்த பனங்கிழங்கின் மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் இல்லாத மாதம் எங்கள் வீட்டில் இல்லை. "வயிற்றுக்கு நல்லது" என்று அம்மம்மா சொல்வதை ஒருமுறையாவது அளந்து பார்க்க ஆசை. பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவான ஷைம் என்ற செயற்கைக் குடல் கருவி பற்றி வாசித்தேன். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடலின் மூன்று பகுதிகள் என்று ஐந்து பாத்திரங்கள், எல்லாம் கணினிக் கட்டுப்பாட்டில். எங்கள் ஆய்வுகூடத்தில் இன்குபேட்டரும் பிஎச் மானியும்தான் இருக்கின்றன. ஏதும் வழி உண்டா?

நெடுங்கேணி அக்கா:
இருக்கிறது தங்கச்சி. ஷைமை வாரக்கணக்கில் ஓட்ட வேண்டும். உங்கள் கேள்விக்கு மூடிய போத்தலே போதும்: புதிய மலக் கரைசல், 37 பாகை, நைதரசன் ஊதி ஒட்சிசனை வெளியேற்றி 24 மணி அல்லது 48 மணி நேரம். ஆனால் மாவை நேரே போட்டுவிடாதீர்கள். நான் முதல்முறை குரக்கன் மாவை அப்படித்தான் போட்டேன். வாயு பொங்கியது, பிஎச் மளமளவென்று இறங்கியது, எனக்குச் சரியான சந்தோஷம். சிறுகுடலிலேயே சமித்துப் போக வேண்டிய மாப்பொருளையும் சேர்த்தல்லவா பற்றீரியா தின்றிருக்கிறது! இரண்டு மாத வேலை வீணாய்ப் போனது, இன்றைக்கும் மனம் ஆறவில்லை. ஆகவே முதலில் இன்ஃபோஜெஸ்ட் முறையில், அதாவது மனிதச் சமிபாட்டை ஆய்வுகூடத்தில் செய்துபார்க்கும் முறையில், சமிக்க விடுங்கள்: வாய்க்கு 2 நிமிடம், பிஎச் 3இல் பெப்சினோடு 2 மணி, பிஎச் 7இல் கணைய நொதியம், பித்த உப்போடு 2 மணி. கரைந்த சீனியை நீக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் போத்தலில் போடுங்கள்.

முத்தையன்கட்டு:
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, மாவாக எடுக்காமல் கூழாகவே எடுங்கள். வீட்டில் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை ஊற்றுவார்களே, அதையும் விடாமல் செய்யுங்கள். சமைத்து ஆறிய மாப்பொருளில் ஒரு பகுதி நொதியத்துக்கு மசியாது, அதனால் சூடாக எடுத்ததா ஆறவைத்ததா என்று குறித்து வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, உணவே போடாத போத்தல் ஒன்று, பற்றீரியா நன்றாகத் தின்னும் நார்ப்பொருளான இனுலின் போட்டது ஒன்று, இரண்டும் கட்டாயம். மலம் தருபவர் அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்திருக்கக் கூடாது. ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

கிளிநொச்சி மாணவி:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. வாயுவை எப்படி அளப்பது?

நெடுங்கேணி அக்கா:
இறப்பர் மூடியில் ஊசி குத்துங்கள், சிரிஞ்சின் தண்டு தானே மேலெழும். பற்றீரியா உண்டாக்கும் அசற்றிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை அளக்க மாதிரிகளை உறையவைத்து, அவற்றைப் பிரித்தளக்கும் காஸ் குரோமட்டோகிராபி கருவி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். போத்தலுக்கு அமிலத்தை உறிஞ்சும் குடற்சுவர் இல்லை, அது உள்ளேயே தேங்கும். நெதர்லாந்தின் டிம்-2 என்ற செயற்கைப் பெருங்குடல் கருவியில் அதை மென்சவ்வு வழியாக வெளியேற்றுகிறார்கள். அறிக்கையில் "போத்தலில் இப்படி நடந்தது" என்று மட்டும் எழுதுங்கள் தங்கச்சி.

கிளிநொச்சி மாணவி:
சரி அக்கா. அம்மம்மா கூழைச் சுடச்சுடத்தான் குடிப்பார், அப்படியே எடுக்கிறேன்.